எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது? மகளுக்குப் பிலிப்பைன்ஸ் வரலாறு சொல்ல நான்கு வழிகள்

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மகள் அராலிங் பன்லிபுனான் நோட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். நம் ஊரில் சமூக அறிவியல் என்கிறோமே, அதற்கு இங்கே அந்தப் பெயர். பக்கத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கோடு. இடது முனையில் 1521, வலது முனையில் 1898. நடுவில் நிரப்ப வேண்டிய ஏழெட்டுக் கட்டங்கள்.

"அம்மா, 1521-க்கு முன்னாடி ஏன் கோடே இல்ல?"

"இடம் பத்தாம போயிருக்கும்" என்று சமாளித்தேன். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். இடது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

அவள் பிறந்தது இங்கேதான், மணிலாவை ஒட்டிய பாசிக்கில். தகலாக் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு மார்க்கெட்டில் பேரம் பேசும் அளவுக்கு வரும். இந்த ஊர் வரலாறு நான் படித்து வந்ததில்லை, வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் துண்டு துண்டாகப் பொறுக்கியதுதான். ஆனாலும் வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்லித்தான் ஆக வேண்டும். காரணம் பாடத்திட்டம். முன்பெல்லாம் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் நாட்டு வரலாறு தனிப் பாடமாக இருந்தது. 2013-இல் பள்ளிக் கல்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக்கிய சட்டம் வந்த பிறகு அது போய்விட்டது. ஏழாம் வகுப்பில் ஆசியா, எட்டில் உலகம், ஒன்பதில் பொருளாதாரம், பத்தில் சமகாலப் பிரச்சினைகள் என்று ஆனது. நாட்டு வரலாற்றை முழுதாக உட்கார்ந்து படிப்பது ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில். அதை விட்டால் கல்லூரியில் ஒரு தாள். 2024 முதல் மடடாக் என்ற புதுப் பாடத்திட்டம் வகுப்பு வகுப்பாக நுழைந்துகொண்டிருக்கிறது. அடுக்கு எப்படி மாறினாலும், பத்துப் பன்னிரண்டு வயதில் காதில் விழுந்த கதைதான் பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை தங்கப் போகிறது.

தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலும் இதே கேள்வி உண்டு. டாவாவ் நகரத்துக்கு மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகளில் ஓரிருவர்கூடக் கேட்டிருக்கிறார்கள்: "இந்த நாட்டைப் பத்தி எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கலாம், அக்கா?" எங்கேருந்து என்பதுதான் விஷயமே. நாம் தொடங்கும் ஆண்டில் மேடையில் யார் நிற்கிறாரோ அவரே கதாநாயகன் ஆகிவிடுகிறார். மற்றவர்கள் அவர் கதைக்குள் வந்து போகிறவர்கள். ஆகவே நான்கு தொடக்கங்களை எடுத்து, ஒரு கோடை விடுமுறை முழுக்க மகளோடு முயன்று பார்த்தேன்.

முதலில் பள்ளி போகும் வழி. 1521 மார்ச்சில் ஸ்பெயின் அனுப்பிய மகெல்லனின் கப்பல்கள் சாமார் தீவை ஒட்டி வருகின்றன. மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று லிமசாவா தீவில் திருப்பலி. ஏப்ரல் 27-ஆம் தேதி மக்தான் தீவின் கரையில், அங்கத்தைய தலைவர் லாபுலாபுவின் ஆட்கள் கையில் மகெல்லன் சாகிறார். அப்புறம் 1565-இல் ஸ்பெயினின் லெகாஸ்பி வந்து இறங்குகிறார், 1571-இல் மணிலாவைப் பிடிக்கிறார், அங்கிருந்து 1898 வரை ஸ்பெயின் ஆட்சி. தேதிகள் சுத்தமாக இருக்கின்றன, தேர்வில் மதிப்பெண்ணும் வரும். கோளாறு என்னவென்றால், கப்பலில் வந்தவன் கண்ணில் பட்ட நிமிடத்தில்தான் நாடே பிறக்கிறது. கரையில் நின்றவர்கள் அதுவரை உலை வைத்தார்களா, சண்டை போட்டார்களா, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்களா, ஒன்றும் தெரியாது.

அந்த ஓர் ஆண்டைக்கூட எல்லோரும் ஒரே மாதிரி நினைவுகூர்வதில்லை. 2021-இல் ஐந்நூறாம் ஆண்டு வந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்தவம் வந்ததைக் கொண்டாடியது. அரசாங்கம் மக்தான் வெற்றியை முன்னால் வைத்தது. ஸ்பெயினுக்கு அது உலகைச் சுற்றி வந்த பயணத்தின் ஆண்டு. மக்தானில் நாட்டிய அரசுக் கல்வெட்டுகளைப் பார்த்தாலே போதும். 1941-இல் வைத்தது, இந்த இடத்தில் மகெல்லன் இறந்தார் என்கிறது. பத்து ஆண்டு கழித்து 1951-இல் வைத்தது, இங்கே லாபுலாபுவும் அவர் ஆட்களும் ஸ்பானியப் படையெடுப்பாளர்களை விரட்டினார்கள், ஐரோப்பிய ஆக்கிரமிப்பை முறியடித்த முதல் பிலிப்பினோ அவர்தான் என்கிறது. அதே கரை, அதே காலை நேரம். நடுவில் 1946-இல் நாடு சுதந்திரம் வாங்கியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது வழி, இடது ஓரத்துக் காலி இடத்தை நிரப்புவது. கி.பி. 900. உண்மையைச் சொன்னால் என் மனம் முதலில் ஓடியது இங்கேதான்.

1989-இல் லகுனா மாகாணத்தில் லும்பாங் ஆற்று முகத்துவாரத்தில் மணல் அள்ளியபோது ஒரு செப்புத் தகடு கிடைத்தது. கை மாறி, பழம்பொருள் வியாபாரிகளிடம் போய், கடைசியில் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போது ரிசால் பூங்காவில் இருக்கும் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏறக்குறைய ஏ4 தாள் அளவுதான், கறுத்துப்போன மெல்லிய தகடு, பத்து வரி எழுத்து. மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் ஒட்டியிருந்த எழுத்துப்பெயர்ப்பைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஸ்வஸ்தி என்று தொடங்குகிறது. சக ஆண்டு 822. வைசாக மாதம். கிருஷ்ண பட்சம், சதுர்த்தி, சோமவாரம். நம் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் படிப்பதுபோல இருந்தது. கணக்குப் போட்டால் 900-ஆம் ஆண்டு ஏப்ரல் 21, திங்கட்கிழமை. எழுத்தின் பெயர் காவி, பல்லவ எழுத்தின் வழி வந்து ஜாவாவில் வளர்ந்தது. மொழி பழைய மலாய், சமஸ்கிருதச் சொற்கள் ஏராளம், பழைய ஜாவா மொழியும் பழைய தகலாக்கும் ஊடே கலந்திருக்கின்றன.

விஷயம் என்னவென்று பார்த்தால் கடன். நம்வரன் என்பவர் பட்ட கடன், ஒரு காட்டியும் எட்டு சுவர்ணமும், அதாவது தொள்ளாயிரம் கிராமுக்கு மேல் தங்கம். அது தீர்ந்தது என்று அவர் பிள்ளைகளான அங்கட்டான் என்ற பெண்மணிக்கும் அவள் சகோதரன் புகாவுக்கும் எழுதிக் கொடுத்த பத்திரம். கொடுத்தவர் தொண்டுன் என்ற ஊரின் தலைவர், வேறு ஊர்த் தலைவர்களும் சாட்சி.

"அப்போ இது ரசீதாம்மா?"

ரசீதுதான். இந்த நாட்டிலிருந்து கிடைத்ததில் தேதி போட்ட மிகப் பழைய எழுத்து ஒரு ரசீது. அதில் போர் இல்லை, மன்னன் புகழ் இல்லை, கப்பல் இல்லை. பாக்கி வைத்த ஒரு குடும்பம், பாக்கி தீர்ந்ததை எழுதி வாங்கிக்கொண்டு போகிற அளவுக்கு விவரமான குடும்பம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எங்கே கிடைக்கும்? இந்தியர்களை இங்கே பொதுவாக 'பும்பாய்' என்பார்கள். பும்பாய் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து தவணை வசூலிக்கும் 'ஃபைவ் சிக்ஸ்' ஆசாமி, ஐந்து வாங்கினால் ஆறு தர வேண்டும். பெரும்பாலும் பஞ்சாபிகள் செய்யும் தொழில், ஆனால் பேர் நம் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஆயிரத்து நூறு ஆண்டுப் பழைய கடன் பத்திரத்தின் முன்னால் இரண்டு பும்பாய்கள் நின்றதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வரும் ஜீப்னியில்தான் உறைத்தது. அன்று பிற்பகல் முழுக்க நான் அவளுக்குச் சொன்னது யார் வரலாறு? பல்லவ எழுத்து, சோமவாரம், தகலாக்கில் முகத்துக்கு முகா, ஆசிரியருக்குக் குரோ, மாங்காயிலிருந்து போன மங்கா. எல்லாம் உண்மைதான். ஆனால் நம்வரனைவிட நான்தான் அந்தக் கதையில் அதிகம் இருந்தேன். ஸ்பானியர் கப்பலிலிருந்து பார்த்த நாட்டை நான் மாமல்லபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தோழிகளோடு சேர்ந்து ஒரு வரலாறு வேண்டும்; அம்மாவுடைய ஊர்ப் பெருமையின் கிளைக்கதை அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. தகடு ஒன்றுதான். அதைத் தொட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அடுத்த பக்கமே இல்லை. புட்டுவானில் மண்ணுக்கடியில் கிடைத்த பழைய படகுகள், அகுசானில் கிடைத்து இப்போது சிகாகோவில் இருக்கும் தங்கச் சிலை, சீனர்களின் வணிகக் குறிப்புகள் என்று சிதறிக் கிடக்கின்றன. தொண்டுன் என்பது மணிலாவின் ஒரு பகுதியான இன்றைய தொண்டோதானா என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. காலி இடத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்ற பசி எதில் கொண்டு விடும் என்பதற்கும் இந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1433-இல் கலந்தியாவ் என்ற தலைவர் இயற்றிய சட்டத் தொகுப்பு என்று ஒன்றைப் பல பத்தாண்டுகள் பாடப் புத்தகங்களில் படித்தார்கள். அந்தப் பெயரில் அரசு விருதுகூட இருந்தது. 1960-களில் வில்லியம் ஹென்றி ஸ்காட் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். தேடல் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஹோசே மார்கோ என்ற ஒருவரிடம் போய் நின்றது. 1914 வாக்கில் அவர் நூலகத்துக்குக் கொடுத்த போலி. தேசிய வரலாற்று நிறுவனம் அதிகாரப்பூர்வமாக அது மோசடி என்று சொன்னது 2004-இல். அதுவரை எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள்! நானும் வீட்டில் அதே வேலையைச் செய்துவிடக் கூடாது என்று பட்டது.

மூன்றாவது வழி 1872. கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் பாட நூல் எழுதிய பெரிய கைகளில் ஒருவரான தியோடோரோ அகோன்சில்யோவின் வாதம் இது: 1872-க்கு முந்தியது பிலிப்பைன்ஸில் ஸ்பெயினின் வரலாறு, பிலிப்பினோக்களின் வரலாறு அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி கவிதே ஆயுதக் கிடங்கில் சிப்பாய்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தார்கள். வரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் அவர்களுக்கு இருந்த விலக்கை ஆளுநர் எடுத்துவிட்டார் என்பது உடனடிக் காரணம். பழி மூன்று பாதிரியார்கள் மேல் விழுந்தது: கோமெஸ், புர்கோஸ், சமோரா. பிப்ரவரி 17-ஆம் தேதி பகும்பயான் திடலில், இன்றைய ரிசால் பூங்காவில், கழுத்தை இறுக்கிக் கொன்றார்கள். மூன்று பெயரையும் சேர்த்து கோம்புர்சா என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள்.

இதன் பலம், ஒரு நூலைப் பிடித்தால் துணி முழுக்க வரும். புர்கோஸிடம் படித்து அவர் வீட்டிலேயே தங்கியிருந்தவர் பசியானோ. அவருடைய தம்பிதான் பின்னால் எழுத்தாளராகி நாட்டின் வீரராகப் போற்றப்படும் ஹோசே ரிசால், அப்போது வயது பத்து. என் மகள் வயது. பத்தொன்பது ஆண்டு கழித்து 1891-இல் ரிசால் தன் இரண்டாவது நாவலை அந்த மூன்று பாதிரியார்களுக்கு அர்ப்பணித்தார். 1896 டிசம்பர் 30 அன்று அதே பகும்பயானில் ரிசாலைச் சுட்டார்கள். அதற்குள் பொனிஃபாசியோவின் கதிபுனான் என்ற புரட்சி இயக்கம் எழுந்துவிட்டது. 1897 மே மாதம் அந்தப் பொனிஃபாசியோவையே இன்னொரு புரட்சித் தலைவரான அகினால்டோவின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். 1898 ஜூன் 12 சுதந்திரப் பிரகடனம், டிசம்பரில் இரண்டு கோடி டாலருக்கு ஸ்பெயின் நாட்டை அமெரிக்காவிடம் விற்றது, 1899 பிப்ரவரியில் அமெரிக்காவோடு அடுத்த போர். மூச்சு விட நேரம் கிடையாது. மகள் 'அப்புறம்?' என்று கேட்டது இந்த வழியில்தான் அதிகம்.

அவளுக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? ரிசால் செய்த தப்பு. அந்த அர்ப்பணிப்பில் பாதிரியார்களைக் கொன்ற தேதியை பிப்ரவரி 28 என்று போட்டிருக்கிறார். கோமெஸுக்கு 85 வயது என்கிறார். உண்மையில் எழுபதைக் கொஞ்சம் தாண்டியவர். மற்ற இருவர் வயதும் தப்பு. "அவருக்கே மார்க் போயிருக்கும்" என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சிலையாக மட்டும் பார்த்த ஆள் அன்று கொஞ்சம் இறங்கி வந்தார். 1956-இல் ரிசால் வாழ்க்கையையும் நாவல்களையும் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தபோது திருச்சபை கடுமையாக எதிர்த்தது. பாதிரியார்களைப் போட்டு வாங்கும் நாவல்கள் அல்லவா. செனட்டர் ரெக்தோ விடாமல் நின்று நிறைவேற்றினார். ஆனால் கட்டாயமாக்கியதன் விளைவு, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் ரிசால் என்றதும் கொட்டாவி வருகிறது. நம்மிடம் திருக்குறளுக்கு மனப்பாடச் செய்யுள் என்று பெயர் வைத்து என்ன செய்தோமோ அதே கதி.

பலவீனம் வரைபடத்தில் தெரிகிறது. மேலே சொன்ன ஆட்களின் ஊர்களைக் குத்தி வைத்தால் எல்லாம் மணிலாவைச் சுற்றி இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்குள். கலம்பா, கவிதே, தொண்டோ. நாட்டின் தெற்குப் பாதி எங்கே? சுலுவில் ஸ்பானியர் வருவதற்கு நூறு ஆண்டு முன்பிருந்தே சுல்தான் ஆட்சி. அங்கே ஒரு பிள்ளை வரலாற்றைத் தொடங்கச் சொன்னால் 1380-இல் சிமுனுல் தீவில் மக்தூம் என்ற இஸ்லாமிய போதகர் கட்டியதாக மரபு சொல்லும் பள்ளிவாசலிலிருந்து தொடங்கலாம். அந்தப் பிள்ளைக்கு 1872 என்பது வேறு ஊர்ச் செய்தி. வடக்கே கொர்தியேரா மலைக்காரர்களுக்கும் அப்படித்தான். முஸ்லிம்கள், பழங்குடிகள் வரலாற்றைப் பாடத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று 2016-இல் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை எவ்வளவு சேர்ந்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் 1901-இல் தொடங்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அந்த ஆகஸ்டில் தாமஸ் என்ற அமெரிக்கக் கப்பலில் ஐந்நூற்றுச் சொச்சம் ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள், ஆங்கிலத்தில் பாடம் எடுக்க. வெளியே போர் இன்னும் ஓயவில்லை. அமெரிக்கர்கள் அதைப் போர் என்றே சொல்லவில்லை, கலகம் என்றார்கள், அதே சொல் பள்ளிப் புத்தகத்திலும் ஏறியது. வரலாறு எப்படிச் சொல்லித் தரப்பட்டது என்பதே பெரிய வரலாறு; வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டான்டினோ 1960-களில் எழுப்பிய கேள்வியும் அதுதான், நம்மை ஆண்டவர்கள் கொடுத்த கண்ணாடியில் நம்மையே எத்தனை நாள் பார்ப்பது என்று. பெரியவர்களுக்கு நல்ல தொடக்கம். பத்து வயதுக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வழி, பின்னோக்கி நடப்பது. இன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போவது. ஆவணம் தேட வேண்டாம், சாட்சிகள் தெருவிலேயே இருக்கிறார்கள். 1972 செப்டம்பரில் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்ததையும், 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா சாலையில் லட்சக்கணக்கானவர்கள் நான்கு நாள் நின்று அவரை அனுப்பிவைத்ததையும் பார்த்தவர்கள் எங்கள் பராங்காயிலேயே, அதாவது எங்கள் பேட்டையிலேயே, நிறையப் பேர்.

மகளின் தோழி வீட்டில் ஒரு மாலை மெரியெண்டாவுக்கு, அதாவது சிற்றுண்டிக்கு, போயிருந்தோம். வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த துருனும் காபியும் வைத்துவிட்டு லோலா, அதாவது தோழியின் பாட்டி, பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் தெரு சுத்தமாக இருந்தது, இரவில் பயமில்லாமல் தூங்கினோம் என்றார். அவருடைய தங்கை எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் கல்லூரியில் படிக்கும்போது பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. தட்டிலிருந்த துருனைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றையும் வாயில் போடவில்லை. திரும்பி வரும்போது மகள் கேட்டாள், "ரெண்டு பேரும் ஒரே வீட்டிலதானே வளர்ந்தாங்க?"

இந்தக் கேள்விக்காகவே இந்த வழியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பள்ளி இதில் நமக்குத் துணைக்கு வராது. 2013-இல் போட்ட ஒரு சட்டம் ராணுவச் சட்டக் காலத்துக் கொடுமைகளைப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்கிறது. இழப்பீட்டுக்கு அரசே ஏற்றுக்கொண்ட பாதிக்கப்பட்டவர்கள் 11,103 பேர். 2022-இல் அதே மார்கோஸின் மகன் தேர்தலில் ஜெயித்து அதிபரானார். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் 'மார்கோஸ் சர்வாதிகாரம்' என்றிருந்தது வெறும் 'சர்வாதிகாரம்' ஆனது. பெரும் சர்ச்சை. யாருடைய சர்வாதிகாரம் என்று பிள்ளை கேட்டால் டீச்சர் என்ன சொல்வார், பாவம். 2025-இல் அந்த எழுச்சியை நினைவுகூரும் எட்சா நாள் வேலை நாளாகவே போனது. பல பள்ளிகள் தாங்களாகவே விடுமுறை விட்டன. வெளிநாட்டிலிருந்து வந்து குடியிருக்கும் நான், இதில் என் மகளை முதல் நாளே இறக்கிவிடத் தயங்கினேன். கோழைத்தனம் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவள் வகுப்பில் மார்கோஸை ஆதரிக்கும் வீட்டுப் பிள்ளைகளும் எதிர்க்கும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பதினான்கு வயதில் அந்த மேசைக்கு மறுபடி கூட்டிப் போவேன்.

சரி, எதை எடுத்தேன்? 1521-ஐத்தான். நானே எதிர்பார்க்கவில்லை.

காரணம் பிகாஃபெட்டா. மகெல்லனோடு கப்பலில் வந்த இத்தாலியர். உலகைச் சுற்றித் திரும்பிய பதினெட்டுப் பேரில் ஒருவர். அவர் எழுதிவைத்த பயணக் குறிப்பின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மக்தான் சண்டை இரண்டு மூன்று பக்கம்தான். அதை நான் தமிழில் சொல்லச் சொல்ல மகள் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தாள். தொடையளவு தண்ணீர், பாறைகள், படகு கரைக்கு வர முடியாது. நாற்பத்தொன்பது பேர் இறங்கினார்கள், எதிரே ஆயிரத்து ஐந்நூறு பேர் என்கிறார். மிரட்டுவதற்காக வீடுகளைக் கொளுத்தச் சொன்னார் மகெல்லன். இருபது முப்பது வீடு எரிந்தது, கரையில் இருந்தவர்களுக்கு வெறி இன்னும் ஏறியது. "ஆயிரத்து ஐந்நூறுன்னு எண்ணிப் பார்த்தாரா? தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டா?" அவள் கேட்டதைத்தான் கல்லூரி வரலாற்று வகுப்பில் மூல ஆவணங்களை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேட்கச் சொல்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஹுமபோன். செபுவின் தலைவர், ஞானஸ்நானம் பெற்று மகெல்லனுக்கு நண்பரானவர், தன் ஆட்களோடு படகிலேயே இருந்து சண்டையை வேடிக்கை பார்த்தார். மகெல்லன்தான் அப்படிச் சொல்லியிருந்தார், நாங்கள் சண்டை போடுவதைப் பாருங்கள் என்று. மக்தானிலேயே சுலா என்று இன்னொரு தலைவர். லாபுலாபு அடங்க மாட்டேன் என்கிறார், ஆள் அனுப்புங்கள் என்று மகெல்லனுக்குத் தூது விட்டவர் அவர். அப்படியென்றால் லாபுலாபு யாருக்காகச் சண்டை போட்டார்? 1951-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 'முதல் பிலிப்பினோ' என்கிறது. அன்று அப்படி ஒரு பெயரே இல்லை; பின்னாலும் ஸ்பானியர் காலத்தில் நெடுநாள் பிலிப்பினோ என்றால் இங்கே பிறந்த ஸ்பானியன், மண்ணின் மக்களுக்கு இந்தியோ என்று பெயர். கரையில் நின்றவர் மக்தான்காரர், அவ்வளவே. மகெல்லனின் உடலைக் கொடுங்கள், வேண்டியதைத் தருகிறோம் என்று கேட்டபோது, உலகத்துச் செல்வம் எல்லாம் கொட்டினாலும் தர மாட்டோம் என்று பதில் வந்ததாகப் பிகாஃபெட்டா எழுதுகிறார். மக்தான் பக்கத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்த ஓரிரு வாக்கியங்களில் அது ஒன்று, அதுவும் எதிராளியின் கையெழுத்தில்.

900-இல் தொடங்கினால் நான் உள்ளே வந்துவிடுகிறேன், 1872-இல் தொடங்கினால் பாதி வரைபடம் வெளியே நிற்கிறது, பின்னோக்கிப் போனால் எந்தப் பாட்டியிடம் முதலில் கேட்கிறோமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 1521-இலும் கோணல் உண்டு. ஆனால் கோணல் எழுதியவர் பெயரோடு, அவர் நின்ற இடத்தோடு, தண்ணீர் ஆழத்தோடு கண்ணெதிரே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையால் அதைக் கையால் தொட்டுக் காட்ட முடிகிறது. பள்ளித் தேர்வுக்கும் ஒத்து வருகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் ஒன்றும் தியாகி இல்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு என்றால் 1872-ஐயே சொல்வேன். டாவாவ் மாணவர்களுக்கும் அதுதான். அவர்கள் இருக்கும் தெற்குத் தீவான மிந்தனாவோ ஏன் அந்தக் கதையில் இல்லை என்று அவர்களுக்கே தோன்றும், அங்கிருந்து படிக்கட்டும். மணிலாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. நம்வரனின் ரசீதும், கோம்புர்சாவைக் கொன்ற இடமும், ரிசால் விழுந்த இடமும் ஒரே பூங்காவைச் சுற்றி நடை தூரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம். மக்தானுக்கு விமானம் ஏற வேண்டும். நேரம் இருந்தால் மணிலாவை ஒட்டிய கைன்டாவுக்கும் போய் வரலாம். 1762-இல் ஆங்கிலேயர் மதராஸிலிருந்து படை கொண்டுவந்து மணிலாவைப் பிடித்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வைத்திருந்தார்கள். வந்த சிப்பாய்களில் சிலர் திரும்பிப் போகாமல் கைன்டாவில் குடியேறிவிட்டார்கள் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரே ஜீப்னி. அதை மட்டும் மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி நான் உள்ளே வந்துவிடுவேன்.

போன சனிக்கிழமை மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனோம். ஐஸ் மேல் சிவப்பாகப் புள்ளி போட்ட களவா மீன். இங்கே அதற்கு லாபுலாபு என்று பெயர். மீன்காரம்மா வாலைப் பிடித்துத் தூக்கி, "லாபுலாபு, சரிவா, சரிவா!" என்று கூவினார், புதுசு, புதுசு என்று அர்த்தம். மகள் என் காதருகே வந்து, "அம்மா, ஹுமபோன்னு மீன் இல்லையான்னு கேளு" என்றாள். நான் கேட்கவில்லை. அவளே கேட்டாள். மீன்காரம்மா கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார்.

"அவன்தான் படகைவிட்டு இறங்கவே இல்லையே" என்றார்.